லாசருவுக்குத் தாத்தா தேடியது

ஜூலை 3, புதன்

விதைக்கடைக்காரர் பொங்கலுக்கு இனாமாகக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமாகத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தாங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்குத் திருநெல்வேலியில் பெரிய டாக்டர், "வீட்டுக்காரர் என்ன சாப்பிடுறார்னு தினமும் எழுதி வைங்கம்மா" என்று சொல்லிவிட்டார். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் ஆடு மேய்த்தேன்.

பஸ்ஸில் வரும்போது இவர் கேட்டார். "ஏ கிளி, உனக்குப் பேச மட்டுந்தான் தெரியும்னு நெனச்சேன். எழுதவும் செய்வியா?"

"உங்களப் பத்தி நாலு வார்த்தை எழுத அஞ்சாம் கிளாஸே ஜாஸ்தி" என்றேன்.

இவர் வயிற்றில் ஏதோ கட்டியாம். ஆபரேஷன் வேண்டாம் என்கிறார் டாக்டர். பத்தியமும் கிடையாது, என்ன ஆசைப்படுகிறாரோ கொடுங்கள் என்கிறார். போன மாதம் பார்த்த சின்ன டாக்டர் அதைத் தின்னாதே இதைத் தின்னாதே என்று உயிரை எடுத்தான். பெரிய டாக்டர் என்றால் பெரிய டாக்டர்தான்.

பஸ் ஸ்டாண்டில்: இரண்டு இட்லி, ஒரு வடை. வடையில் பாதி நான் தின்றது.

ஜூலை 7, ஞாயிறு

டாக்டர் இதைப் படிப்பார் என்பதால் ஒன்று எழுதி வைக்கிறேன். எங்கள் பக்கத்தில் சர்ச் என்பதைக் கோயில் என்போம், பாதிரியாரை ஐயர் என்போம். குழம்ப வேண்டாம். எங்கள் ஊர் மேய்ப்பன்புரம். தேரி என்கிற செம்மணல் காட்டுக்கு நடுவில் ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், இரண்டு கடை. மற்றவர்கள் எல்லாம் கமிட்டி மெம்பர்கள்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டிச் செயலாளர் சாலமோன் அண்ணாச்சி அறிவிப்பு வாசிக்க எழுந்தார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். வேதத்திலிருந்து சங்கீதம் வாசித்தாலும் பிள்ளைகளுக்கு அட்டெண்டன்ஸ் எடுப்பது போலத்தான் இருக்கும். கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டதாம். இனிமேல் அப்பா வழியில் குடும்பக் கல்லறை உள்ளவர்களுக்கு மட்டுமே அங்கே இடம். அந்தப் பழைய குழியையே திறந்து அடக்கம் செய்வார்கள். அப்படிக் கல் இல்லாதவர்களுக்கு ஊருக்கு வெளியே குளத்தங்கரையில் பஞ்சாயத்து இடம் இருக்கிறது.

ஊரில் அப்படிக் கல் இல்லாத ஆள் யார் என்று தலைகள் திரும்பின. எல்லாத் தலையும் ஒரே பக்கம்தான் திரும்பியது. அங்கே ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு இவர் உட்கார்ந்திருந்தார்.

இவர் பேர் லாசரு. மைக்செட்காரர். இந்த ஊரில் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எந்தக் கல்யாணமும் எந்தச் சாவும் இவர் வயர் இழுக்காமல் நடந்ததில்லை. ஆனால் அப்பா யார், தாத்தா யார் என்று இவருக்கே தெரியாது. அனாதை விடுதியில் வளர்ந்தவர். கைக்குழந்தையாக வந்து சேர்ந்த வாரத்தில் காய்ச்சலில் செத்துப் பிழைத்ததால், வேதத்தில் கல்லறையிலிருந்து எழுந்து வந்தவரின் இந்தப் பேரை அங்கே வைத்தார்களாம்.

அறிவிப்பின் கடைசி வரியில் மைக் கீச்சென்று கத்தியது. ஐயர் காதைப் பொத்திக்கொண்டார். இவர் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லமாட்டேன்.

காலை: மூன்று இட்லி. மதியம்: கறிக்குழம்பு ஊற்றிக் கொஞ்சம் சோறு. இரவு: பசிக்கவில்லையாம்.

ஜூலை 8, திங்கள்

"கொளத்தங்கரைன்னா காத்து நல்லா வரும்" என்றார் இவர்.

"கொசுவும் வரும்."

"செத்தவன கொசு என்ன செய்யும்?"

"எனக்குச் சொன்னேன். புருஷன் எங்கனயோ அங்கனதானே என்னையும் கொண்டு போடுவாவ. உங்களுக்காக நான் கொசுக்கடி பட முடியாது."

சிரித்தார். பிறகு ஸ்பீக்கர் பெட்டியைத் துடைக்க உட்கார்ந்தார். நேற்றே துடைத்த பெட்டி. துடைத்துக்கொண்டே சொன்னார்: "எல்லாரையும் உள்ள கொண்டு விட்டேன் கிளி. கேட்டு வரைக்கும் பாட்டுப் போட்டுக் கொண்டு விட்டேன்." துணி மட்டும் போய்ப் போய் வந்தது.

என் அப்பாவுக்கு அங்கே கல் இருக்கிறது. ஆனால் கட்டிக்கொடுத்த பெண் கணக்கில் வரமாட்டாள். அதிலும் அந்தக் குழிக்கு என் தம்பிகள் இரண்டு பேரும் இப்போதே துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள்.

இந்த மனுஷனைக் குளத்தங்கரைக்கு விடுவதில்லை என்று முடிவு செய்தேன். தோட்டத்துக்குள் ஆறடி வாங்கிக் கொடுக்காமல் ஓயமாட்டேன். இப்போது ஒன்றும் அவசரம் இல்லை. நூறு வயதில் இவர் போகும்போது வேண்டும் அல்லவா, அதற்குத்தான்.

ஜூலை 15, திங்கள்

ஐயர் வீட்டுக்குப் பால் கொண்டுபோனேன். சின்ன வயசு ஐயர். எங்கள் ஊர்தான் முதல் ஊர். பாவம்.

"ஐயா, யாரும் எட்டிப் பாக்காத கல்லு தோட்டத்துல எத்தனை இருக்கு?"

"பின்வரிசையில ஆறேழு இருக்கும்மா. பேரே வாசிக்க முடியல."

"அதுல ஒருத்தர் எங்க வீட்டுக்காரருக்குத் தாத்தாவா இருந்தா?"

"அப்படி உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஐயர் பால் சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். வேதசாஸ்திரக் கல்லூரியில் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். கடைசியில், "ஏதாவது சம்பந்தம் இருக்குன்னு கொண்டு வாங்க, கமிட்டியில பேசிப் பாக்கிறேன்" என்றார்.

அனாதையாகப் பிறப்பதில் ஒரு வசதி இருக்கிறது. நாமெல்லாம் கிடைத்த தாத்தாவை வைத்துக் காலம் தள்ள வேண்டும். இவர் பார்த்துப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம்.

ஜூலை 18, வியாழன்

தோட்டத்தின் கிழக்குச் சுவரோரம் ஒரு காலி இடம் உண்டு. பிஷப் வந்தால் கார் நிறுத்த என்று ஒதுக்கியது. பிஷப் வந்து பல காலம். அங்கேதான் என் ஆடுகளைக் கட்டுவேன். இது ஊருக்கே தெரியும், சாலமோன் அண்ணாச்சிக்கு மட்டும் தெரியாது என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு.

பின்வரிசைக் கல்லெல்லாம் உப்புக்காற்றில் அரித்துப்போய்க் கிடந்தது. தடவிப் பார்த்தால் எழுத்து இருப்பது தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. கோலமாவு கொண்டுபோய்க் கல் மேல் பூசினேன். கல் முழுக்க வெள்ளையானது. எழுத்தையும் காணோம், கல்லையும் காணோம். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு நிற்கும்போது, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு டெய்சி வந்தது. மூக்கு முட்டத் தின்கிற ஆடு. அரிசிமாவு வாசனைக்குக் கல்லை நக்க ஆரம்பித்தது. மேல்மாவு எல்லாம் அதன் வயிற்றுக்குள் போனது, குழிக்குள் இருந்த மாவு அப்படியே நின்றது. வெள்ளை எழுத்தில் பளிச்சென்று ஒரு பேர்.

ஏசடியாள். 1911.

வீட்டில் சொன்னேன். இவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "நீ படிச்சத விட டெய்சி ஜாஸ்தி படிச்சிருக்கு" என்றார்.

காலை: ஒரு இட்லி. மதியம்: ரசம் சோறு. நன்றாகச் சாப்பிட்டார். நாயும் நன்றாகச் சாப்பிட்டது.

ஜூலை 27, சனி

செத்தவர்களைப் பற்றி விசாரிக்க ரேஷன் கடை வரிசையை விட்டால் வேறு இடம் இல்லை. யாரும் தப்பித்து ஓட முடியாது. மண்ணெண்ணெய் கேனை வைத்துக்கொண்டு கொர்நேலியு மாமா நின்றிருந்தார். எண்பது தாண்டியவர். அவர் அம்மா சொல்லக் கேட்டதாம்.

ஏசடியாள் மருத்துவச்சி. கல்யாணம் கட்டவில்லை. சுருட்டுக் குடிப்பாள். பிரசவம் பார்க்கும்போதும் வாயில் சுருட்டு எரியும், சாம்பல் உதிர்வதற்குள் பிள்ளை வெளியே வந்துவிடும் என்பார்களாம். சாகும்போது ஒரே ஒரு ஆசைதான் சொன்னாளாம், சுருட்டு வைக்கிற பித்தளை டப்பாவையும் கூட வைத்துப் புதைக்க வேண்டும் என்று. அப்படியே செய்தார்களாம். இந்த ஊர்ப் பெரிய குடும்பம் அத்தனையும் அவள் கையில் விழுந்ததுதான். அவள் கல்லைத்தான் ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை.

"எனக்கு அவளையே பாட்டியா வச்சிரு" என்றார் இவர்.

"கல்யாணம் ஆவாத பொம்பளைக்குப் பேரனா? உங்க மானம் போனா போவுது, அவ மானம் என்ன ஆவறது?"

"அதுவும் சரிதான். சுருட்டு வேற குடிப்பா. நமக்கு ஒத்துவராது."

கதை கேட்டுக்கொண்டே அரைக் கிண்ணம் கஞ்சி இறங்கியது. ஊட்டும்போது முகத்தைச் சுளிக்கவும் இல்லை. கையில் ஸ்பூன் பிடிக்க முடியவில்லை என்பது கொஞ்ச நாளைக்குத்தான். புது மாத்திரை அப்படித்தான் செய்யுமாம். நான் சொல்கிறேன், டாக்டர் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

தாத்தா கிடைத்துவிட்டார்.

கல்: சந்தியாகு, 1934. டெய்சி நக்கிக் கண்டுபிடித்தது. மாமாவிடம் கேட்டேன். தபால்காரராம். ஊரில் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்று அவரே கார்டை வாசித்துச் சொல்வாராம். வீட்டுக்குப் போய்ச் சொல்லப் பொறுமை இல்லாமல் தெருமுனையிலிருந்தே சத்தம் போட்டுச் சொல்வாராம். "ஏ அன்னம்மா, உன் மருமவன் கொழும்புல இன்னொருத்திய வச்சிருக்கானாம்" என்று. சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்குமாம்.

மைக் இல்லாத காலத்து மைக்செட்காரர்.

அதோடு மாமா ஒன்று சொன்னார். "காது ரெண்டும் முறம் மாதிரி இருக்கும்னு எங்கம்மா சொல்லுவா."

நான் வீட்டுக்கு வந்து இவர் காதைப் பிடித்துப் பார்த்தேன். முகம் மெலிந்துவிட்டதால் காது இன்னும் பெரிதாகத்தான் தெரிகிறது. முறமேதான்.

"விடுட்டி, வலிக்குது" என்றார். "தாத்தா சொத்து ஏதும் வச்சிருக்காரா?"

"காது வச்சிருக்காரு. அது போதும்."

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கமிட்டிக்குப் போனேன். பெண்கள் வெளியே நிற்கலாம் என்றார்கள். வெளியே நின்றுகொண்டே உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரிப் பேசினேன். அது எனக்குப் புதிது இல்லை.

சாலமோன் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காதுக்கெல்லாம் எடம் கொடுக்க ஆரம்பிச்சா நாளைக்கு யானை வந்து கேக்கும், தங்கக்கிளி."

"யானை வருஷா வருஷம் கோயிலுக்குச் சங்க வரி கட்டினா கொடுங்க. இவர் கட்டியிருக்காரு."

"இங்க பாரு. எங்க பூட்டன் உபதேசியார் மாசிலாமணி கல்லு முன்வரிசையில நிக்கி. நாலு தலைமுறையா நாங்க பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏத்திக் காத்துக்கிட்டு வாரோம். அது சம்பந்தம். காத புடிச்சிக்கிட்டு வந்து நிக்கது சம்பந்தம் இல்ல."

கல்லிலேயே பெரிய கல் அதுதான். ஆள் உயரம். மேலே திறந்த வேதபுத்தகம் செதுக்கியிருக்கும். மாசிலாமணி உபதேசியார் ஊருக்கு வேதம் சொல்லிக் கொடுத்தவர், கள்ளுப்பானையை உடைத்தவர், சுருட்டைப் பிடுங்கிப் போட்டவர் என்று ஞாயிறு பள்ளியில் எங்களுக்கே பாடம் எடுத்திருக்கிறார்கள்.

தள்ளுபடி. இவரிடம் சொன்னேன். "யானைன்னா சொன்னாரு? பரவால்ல, என்னைய பெரிய ஆளாத்தான் நெனச்சிருக்காரு" என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரவு: தண்ணீர்.

ஆகஸ்ட் 22, வியாழன்

டாக்டரிடம் போனோம். இனிமேல் அலையவேண்டாம், போனில் சொன்னால் போதும் என்றார். பஸ் செலவு மிச்சம்.

செப்டம்பர் 4, புதன்

இதை எழுத எனக்குக் கை பரபரக்கிறது.

நேற்று சாலமோன் அண்ணாச்சியின் சித்தப்பா இறந்துபோனார். பெரிய சாவு. வேறொருவனை வைத்துக்கொள்ளச் சொன்னேன், இவர் கேட்கவில்லை. இன்றைக்கு நாற்காலியில் தூக்கி உட்காரவைத்து, தோட்டத்தில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் விட்டோம். காலையிலேயே தோட்டத்தில் உபதேசியார் கல்லுக்கு முன்னால் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். நான் ஆட்டை மறைக்க அங்கே நின்றேன்.

குழி வெட்டுகிற தாவீது கையை வெளியே நீட்டினான். கையில் கண்ணாடி வளையல் துண்டுகள். பச்சை, சிவப்பு.

"அண்ணாச்சி, உபதேசியார் வளவி போட்டிருந்தாரா?"

"மண்ணோட கலந்து வந்திருக்கும். தோண்டு" என்றார் சாலமோன் அண்ணாச்சி.

இன்னும் கொஞ்சம் தோண்டினான். ஒரு பித்தளை டப்பா. அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது. பூட்டனுடைய சின்ன வேதபுத்தகப் பெட்டியாக இருக்கும் என்று எல்லோரையும் அருகில் வரச் சொன்னார். ஐயரைத் திறக்கச் சொன்னார். ஐயர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திறந்தார்.

உள்ளே சுருட்டு. பொடிந்துபோய், மண் நிறத்தில், ஆனால் சுருட்டேதான்.

ஐயருக்கு என்ன ஜெபம் சொல்வது என்று தெரியவில்லை. நான்தான் பேசினேன். "அண்ணாச்சி, நாலு தலைமுறையா உங்க குடும்பம் ஏசடியாளுக்குப் பூப்போட்டிருக்கிய. நல்ல காரியந்தான். உங்க தாத்தாவ அவதான் பிடிச்சி வெளிய எடுத்தா."

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். மைக் ஆன் ஆகியிருந்தது. ஊர் முழுக்கக் கேட்டது.

செப்டம்பர் 6, வெள்ளி

ஏசடியாளின் கல் பின்வரிசையில், ஆள் முன்வரிசையில். அப்படியானால் கல் நடந்திருக்க வேண்டும். கல்லை நடக்கவைக்கிற ஆள் கொத்தனார். மேலத்தெரு சுடலைக் கொத்தனாரைத் தேடிப் போனேன். வாசலில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். கோயிலுக்கு நூறு வருஷம் ஆன விழாவில் தோட்டத்தில் வேலை பார்த்தவர் அவர்தான்.

"ஆமா, நாங்கதான் புடுங்கி நட்டோம்" என்றார், கத்தரிக்காய் நாற்றுப் போல.

"எதுக்கு?"

"பிஷப் வாராருன்னாவ. போட்டோ புடிக்க ஆளு வருதுன்னாவ. கல்லெல்லாம் ஒண்ணு அங்கன சாஞ்சி, ஒண்ணு இங்கன சாஞ்சி, குடிச்சவன் மாதிரி நின்னுது. அப்ப செயலாளர் இப்ப இருக்கவரோட அப்பா. அவரும் வாத்தியாருதான். பிரேயர்ல பிள்ளைய நிக்க மாதிரி வரிசையா நடுன்னாரு."

"வரிசையான்னா?"

"உயரப்படி. பெரிசு முன்னால, சின்னது பின்னால. போட்டோவுல நல்லா விழணும்லா."

"கொத்தனாரே, பள்ளிக்கூடத்துல குட்டையத்தானே முன்னால விடுவாவ?"

"நானும் கேட்டேன். பெரிய கல்லுக்காரங்க ஒத்துக்கிடலன்னாரு."

"எந்தக் கல்லு யாருதுன்னு பாக்கலியா?"

"எனக்கு வாசிக்கத் தெரியாது. அவருக்குத் தெரியும், அவரு குச்சிய வச்சி உயரந்தான் அளந்தாரு. ராத்திரியோட ராத்திரியா முடிச்சோம், பொறவு வந்த கல்லையும் உயரம் பாத்துத்தான் நட்டோம்."

திரும்பி வரும் வழியெல்லாம் நான் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். எதிரே வந்தவர்கள் விலகிப் போனார்கள். புருஷன் நிலைமையால் இவளுக்கு இப்படி ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

இவர் காதில் போய்ச் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே, "அப்ப என் தாத்தா?" என்றார்.

"எங்கயோ இருக்காரு. அவருக்கு மேல எந்தக் கமிட்டி மெம்பர் கல்லோ."

"பாவம். ரகசியம் பேசத் தெரியாத மனுஷன். மேல இருக்கவனுக்குத் தூக்கமே வராது."

செப்டம்பர் 15, ஞாயிறு

இந்தத் தடவை உள்ளே போய் உட்கார்ந்தேன். யாரும் எழுப்பவில்லை. சுடலைக் கொத்தனாரையும் ஆட்டோவில் கூட்டிப்போயிருந்தேன். அவர் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். ஒருத்தர் முகத்திலும் ரத்தம் இல்லை. ஒருத்தர் தன் அம்மா கல்லை நினைத்தார், ஒருத்தர் தாத்தா கல்லை. பொருளாளர் மட்டும், "அப்ப நான் இத்தன வருஷமா யாரு முன்னால நின்னு அழுதேன்?" என்று கேட்டார்.

நான் எழுந்தேன். சண்டைக்கு என்று தயார் செய்துகொண்டு போன பேச்சு இருந்தது. அவர்கள் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன்.

"குடும்பக் கல்லு உள்ளவங்களுக்குத்தான் எடம்னு சொன்னிய. தன் குடும்பம் தன் கல்லுக்குக் கீழதான் இருக்குன்னு சொல்ல முடிஞ்சவங்க கைய தூக்குங்க. நான் பேசாம போயிடுதேன்."

ஒரு கையும் எழவில்லை. ஐயர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

சாலமோன் அண்ணாச்சி, "யோசிச்சுச் சொல்லுதோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். குடையை மறந்துவிட்டுப் போனார்.

கஞ்சித்தண்ணி, மூன்று வாய்.

செப்டம்பர் 22, ஞாயிறு

சாலமோன் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். வேட்டியில் மண். தோட்டத்திலிருந்து நேராக வந்திருக்கிறார் போல. நான் குடையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு இவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் குடைக்கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"லாசரு, எங்க பூட்டன் எங்கனதான் கெடக்காருன்னு தெரியலயேப்பா."

நான் வாயைத் திறந்தேன். இவர் கையைக் காட்டி நிறுத்தினார். முப்பது வருஷத்தில் என் வாயை இவர் அடைத்தது இதுதான் முதல் தடவை.

"உள்ளதான் இருக்காரு அண்ணாச்சி. வெளிய எங்கயும் போயிரல."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். அவர் கண்ணாடியைத் துடைத்தது இந்தத் தடவை அழுக்குக்காக இல்லை.

"உனக்கு எங்க பெரிய கல்லுக்குக் கீழயே எடம் தாரோம். வேற யாரும் கேக்க மாட்டாங்க."

"வேண்டாம் அண்ணாச்சி. ஏற்கெனவே உள்ள ஒரு பொம்பள இருக்கா, உங்க சித்தப்பாவும் இருக்காரு. நான் வேற போனா எடஞ்சல். புதுசா ஒரு எடத்துல வைங்க. யாரு மேலயும் ஏறி உக்கார வேண்டாம்."

"புதுசுக்கு எடம் எங்க இருக்கு?"

"பிஷப் கார் நிக்கிற எடம்."

அண்ணாச்சி யோசித்தார். "பிஷப் வந்தா?"

"நடந்து வரட்டும்."

எனக்குத்தான் சிரிப்பு வந்தது. அண்ணாச்சிக்கும் வந்தது, மறைத்துக்கொண்டார். போகும்போது வாசலில் என்னிடம் சொன்னார். "அங்கன ஆடு கட்டுதிய. எனக்குத் தெரியும். வேற எடம் பாத்துக்க."

செப்டம்பர் 29, ஞாயிறு

அறிவிப்பு வாசித்தார்கள். கிழக்குச் சுவரோரம் இனி யாருக்கும் உண்டு. கல் இருப்பவர்கள், இல்லாதவர்கள், எல்லோருக்கும். மைக் கத்தவில்லை. பக்கத்து ஊர்ப் பையன் போட்ட மைக். இவர் வீட்டில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "டிரெபிள் ஜாஸ்தி" என்றார்.

அக்டோபர் 9, புதன்

போக வேண்டும் என்றார். ஆட்டோவில் படுக்கவைத்து, தாவீது தூக்கி, நான் தூக்கி, கிழக்குச் சுவரோரம் கொண்டுபோனோம். நடுவில் நிழல் இருக்கிறது என்று காட்டினேன். வேண்டாம் என்றார். வாசல் பக்கம் கரண்டுக் கம்பத்தைக் காட்டினார்.

"இங்கன வெயிலு அடிக்குமே."

"வயர் இழுக்க லேசு. அடுத்த சாவுக்கு வாரவன் கஷ்டப்பட மாட்டான்."

"அடுத்த சாவு யாருது?"

"நீதான் சொல்லணும். வரிசையில நிக்கது நீதானே."

"நான் வர மாட்டேன். நூறு வருஷம் ஆவும்."

"வா, மெதுவா வா" என்றார். "அவசரம் இல்ல."

கை ரொம்ப லேசாக இருந்தது. ஆட்டுக்குட்டி காது போல.

அக்டோபர் 17, வியாழன்

சாப்பாடு: இல்லை.

அக்டோபர் 19, சனி

பக்கத்து ஊர்ப் பையன் மைக் கட்டினான். பாட்டு பாதியில் நின்றது, ஐயர் பேசும்போது கீச்சென்று கத்தியது, கேட்டுக்கு வரும்போது கரகரவென்று ஏதோ ரேடியோ விளம்பரம் கேட்டது. இவர் இருந்திருந்தால் எழுந்து வந்து வயரைப் பிடுங்கியிருப்பார். ஒரு நிமிஷம் சவப்பெட்டியைப் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. அந்தப் பேரை வைத்ததில் ஒரு புண்ணியமும் இல்லை.

சாலமோன் அண்ணாச்சி ஒரு முனை தூக்கினார். கொர்நேலியு மாமா, "காதப் பாருங்க, சந்தியாகு பேரன்தான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கல் வைக்க இன்னும் நாள் ஆகும். தாவீது ஒரு மரச்சிலுவையில் பெயிண்டில் பேர் எழுதி நட்டான். லாசரு. அதற்குக் கீழே மைக்செட் என்று எழுதினான். நான் எழுதச் சொல்லவில்லை. அழிக்கவும் சொல்லவில்லை.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். வருஷா வருஷம் இன்றைக்கு அவரவர் கல்லைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, பக்கத்துக் கல்லைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போவார்கள். பின்வரிசை இருட்டாகக் கிடக்கும்.

இந்த வருஷம் ஊர் முழுக்கக் கேட்டுக்குள் வந்து நின்றுகொண்டு திருதிருவென்று முழித்தது. கையில் பூ, கையில் மெழுகுவர்த்தி. எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பொருளாளர் தன் அம்மா கல்லுக்கு ஒன்று வைத்தார். பிறகு சந்தேகம் வந்து அடுத்ததற்கு ஒன்று வைத்தார். அதற்கும் அடுத்ததற்கு. அவரைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். ஏதாவது ஒன்று தன் ஆளாக இருக்கும் என்று ஒவ்வொரு கல்லுக்கும் எல்லோரும் வைத்தார்கள். இரண்டு மச்சினிகள், பத்து வருஷமாகப் பேசாதவர்கள், ஒரே கல்லைத் தேய்த்துக் கழுவினார்கள். மெழுகுவர்த்தி தீர்ந்து கடைக்கு ஆள் ஓடினான். பின்வரிசையில் கண்ணைக் கூசியது. ஏசடியாள் கல்லுக்கு முன்னால் யாரோ ஒரு சுருட்டு வைத்திருந்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன்.

சாலமோன் அண்ணாச்சி தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் கரண்டுக் கம்பத்தடிக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். கையில் ஒரு மெழுகுவர்த்தி மிச்சம் இருந்தது.

"தங்கக்கிளி, எல்லாக் கல்லுக்கும் வச்சிட்டேன். ஆனா ஒண்ணுல கூட மனசு நிக்கல. இங்கன ஆளு இன்னாருன்னு நிச்சயமாத் தெரிஞ்சது எது?"

நான் மரச்சிலுவையைக் காட்டினேன்.

அவர் குனிந்து, மணலில் மெழுகுவர்த்தியை நட்டு ஏற்றினார். காற்று அடித்தது. அணையாமல் இருக்கக் கையை வைத்து மறைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார், ஹெட்மாஸ்டர்.

இத்தனை பெரிய தோட்டத்தில் தன் பேருக்குக் கீழே தானே படுத்திருக்கிறவர் இவர் ஒருத்தர்தான். அப்பன் பேர் தெரியாதவர். இனி ஊரில் பாதிப் பேர் இவர் முன்னால் வந்துதான் அழப்போகிறார்கள், மனசு நிற்கிறது என்று. இவருக்கு இது தெரிந்தால் தலைகால் புரியாது.

கிளம்பும்போது குனிந்து, அண்ணாச்சிக்குக் கேட்காமல் சொல்லிவிட்டு வந்தேன். "பெருமையடிக்காம கெடங்க."